இரண்டு கையாலும், நெஞ்சோடு சேர்த்து

விருதுநகரில் நான் வேலை பார்த்த இருதய ஆஸ்பத்திரியில், ஸ்டெம்செல் பைகளை வைத்திருக்கும் செல் அறை என்று ஓர் அறை உண்டு. அதன் உள்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள் மாட்டியிருக்கும். உறைந்த பையை வெளியே எடுப்பது முதல் நோயாளியின் கட்டிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று பதினான்கு வரிகள். பதின்மூன்று வரிகளைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள். ஒரு வரி மட்டும் அஞ்சாங் கிளாஸ் தாண்டாத ஒருவனால் வந்தது. பதினோராவது வரி: "எல்லாப் பைகளையும் இரண்டு கையாலும், நெஞ்சோடு சேர்த்து, ஒரே நடையில் கொண்டு செல்ல வேண்டும்."

அந்த ஒருவன் நான்தான். சங்கரபாண்டி.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் அந்த அறையில் இப்போது வேலை பார்க்கும் முத்துலட்சுமி போன் பண்ணினாள். "ஐயா, புதுசா தள்ளுவண்டி வாங்கியிருக்காக. இனிமே யாரும் கையில தூக்க வேண்டாமாம். பதினோராவது வரியை எடுத்துரலாமான்னு மீட்டிங்ல கேட்டாக. அது எதுக்கு எழுதுனதுன்னே ஒருத்தருக்கும் தெரியலை. நீங்க ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களேன்" என்றாள்.

ஒருத்தருக்கும் தெரியவில்லையாம்! அன்று எனக்கு இட்லி இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை திருத்துவது என் மகள். பெருமையடிக்கிற இடங்களை வெட்டிவிடலாம் என்கிறாள். வெட்டினால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

இளவயதில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் தட்டுத் தூக்கினேன். மருந்து கலக்கும் அறை ஒரு பக்கம், கலந்த மருந்தை அடைக்கும் அறை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே தூரம் விட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தை மருந்துத் தட்டோடு கடப்பவன் நான். காலில் செருப்பு கூடாது, இடுப்பில் சாவி கூடாது, வாயில் பேச்சு கூடாது. மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டம்.

எங்கள் போர்மேன் குருசாமி. என்னைவிட மூன்றே வயது மூத்தவர். ஆனால் போர்மேனாகவே பிறந்தவர் போல் இருப்பார். சேர்ந்த புதிதில் ஒரு வாரம் மருந்தைக் கண்ணில் காட்டவில்லை. தட்டில் சுண்ணாம்புப் பொடியைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் நடுவில் ஒரு கோடு இழுப்பார். "கோடு கலையாமக் கொண்டுபோயிக் கொண்டு வா" என்பார். முதல் நாள் என் கோடு ஓடையாகிவிட்டது. மூன்றாம் நாள் பாம்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எட்டாம் நாள் தட்டைப் பார்த்தார். "ம்" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

ஒரே வருடத்தில் அந்தப் பட்டத்தைப் பறிகொடுத்தேன். மருந்து இருக்கும் தட்டுக்கு ஆலையில் ‘லோடு’ என்று பெயர். லோடென்றால் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, காலைத் தேய்த்துத் தேய்த்து வருவோம். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். திரும்பிப் போகும்போது வெறும் தட்டுதானே? ஒரு கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு போவோம். எல்லாரும் ஆட்டினார்கள். நான் கொஞ்சம் அழகாக ஆட்டினேன். ஒருநாள் குருசாமி வாசலில் நின்றார்.

"என்னலே இது?"

"வெறுந்தட்டுதானண்ணே."

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பிறகு தட்டை வாங்கி, அதன் விளிம்பை விரலால் வழித்து என் கண் முன்னால் நீட்டினார். விரல் நுனியில் வெள்ளியாகப் பொடி மினுங்கியது.

"வெறுந்தட்டுன்னு ஒண்ணு கெடையாதுலே. நாளையிலருந்து வேலைக்கு வராத."

போகவில்லை. அதன் பிறகு முப்பது முப்பத்தைந்து வருடத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறேன்: லாரிக்கு லோடு ஏற்றினேன், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன், இந்த ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்தேன். கட்டடம் எழும்பியதும் உள்ளேயே ஸ்ட்ரெச்சர் தள்ள வைத்துக்கொண்டார்கள். நான் தள்ளிய ஸ்ட்ரெச்சரில் நோயாளிகள் தூங்கிவிடுவார்கள்.

செல் அறைக்கு நான் வந்தது என் மூக்கால். மதுரையிலிருந்து முதன்முதலாக, பைகளை உறைந்தபடி வைத்திருக்கும் எஃகுப் பாத்திரம் வந்து இறங்கியது. பார்க்கப் பால் கேன் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்தது. உதவிக்கு நின்ற நான்கு பேரும் ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் பெட்டியிலிருந்து புகை வந்தால் ஓடுகிறவன்தான் புத்திசாலி. நான் மட்டும் நின்று மோந்து பார்த்தேன். மருந்துப் புகைக்கு ஒரு நாற்றம் உண்டு. இதற்கு நாற்றமே இல்லை; குளிர்தான் இருந்தது.

"பயப்படாதீக மேடம், இது குளிர்ல வர்ற புகை" என்றேன்.

"எனக்குத் தெரியும். முதல்ல மூக்கை வெளியே எடுங்க" என்றார் மேடம்.

மேடம் என்றால் டாக்டர் கோமதி, செல் அறைக்குத் தலைமை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எப்போதும் கையில் ஒரு பென்சில். பேசிக்கொண்டே எழுதுவார், எழுதிக்கொண்டே பேசுவார். அந்தப் பென்சிலை மேசையில் வைத்துவிட்டால் எல்லாரும் எச்சில் விழுங்குவோம். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "அண்ணாச்சி" என்று மரியாதையாக ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்குக் கண்டம்.

அந்த வைத்தியம் இன்னதென்று எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். சிலருக்கு வைரஸ் காய்ச்சல் வந்து, அது இருதயத் தசையில் இறங்கி வீக்கம் உண்டாக்கும். கிருமி போன பிறகும் சிலருக்கு வீக்கம் போகாது. தீப்பிடித்த குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தாயிற்று. ஆனால் குழாயை மூடாமல் பீய்ச்சிக்கொண்டே இருந்தால் தீயில் தப்பின சரக்கும் நனைந்து நாசம். உடம்பின் காவல் படை அப்படித்தான் இருதயத்தைக் கெடுக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டெம்செல் என்ற இளம் செல்லை ஏற்றுவார்கள். அது போய்ப் புது இருதயம் கட்டாது. "போதும் தம்பிகளா, குழாயை மூடுங்க" என்று சொல்லும். சொல்லுமா, சொன்னால் கேட்குமா என்பதைத்தான் இங்கே சோதித்தார்கள். நான் இப்படி விளக்கியதைக் கேட்டு ஒரு டாக்டர் தம் வகுப்பில் அதையே சொன்னதாகக் கேள்வி. என் பெயரைச் சொல்லவில்லையாம்.

வேலை இப்படி: பிரசவத்தில் கழிக்கும் தொப்புள்கொடியிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, உறைய வைத்த செல் அது. கனத்த கையுறை போட்டுப் பாத்திரத்திலிருந்து பையை எடுப்பேன். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் அதைப் பிடித்து, மெதுவாக அலசுவேன். பனி உருகி உருகி, கடைசியில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு துண்டு நிற்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. பிறகு மேடம் கண்ணாடிப் பெட்டிக்குள் கை விட்டு அதை வேறு திரவத்தோடு கலந்து, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புதுப் பையில் அடைப்பார். அதற்கு மேல் பழுப்பு உறை. அங்கிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும், வைத்திருக்கக் கூடாது. கலந்த மருந்தை அன்றைக்கே அடைத்துவிட வேண்டும் என்பது நான் இருபது வயதில் படித்த பாடம். இதற்காகத் தனியே படிக்கவில்லை.

உறை எதற்கு? நோயாளிகளில் பாதிப் பேருக்குத்தான் பையில் செல் இருக்கும். மற்றப் பாதிக்கு, அதே மாதிரி உறைய வைத்த வெறும் திரவம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். மாத்திரை மருந்து இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத் தொடரும். செல் பை அரிசி கழுவின தண்ணீர் போல் கலங்கியிருக்கும், மற்றது தெளிவாக இருக்கும். உறையைப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றே. நோயாளிக்குத் தெரியாது, வார்டு டாக்டருக்குத் தெரியாது, சிஸ்டருக்குத் தெரியாது. கட்டடம் முழுக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்: மேடமும் நானும். வாழ்க்கையில் ஒரு விஷயத்தையும் வயிற்றில் வைத்திருக்காத என்னிடம் போய் இதைக் கொடுத்தார்கள் பாருங்கள்.

வாயைத் திறக்கவே இல்லை. அது சத்தியம். வீட்டுக்காரி கேட்டும் சொல்லவில்லை. நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மேடம் செல் அறைக்கு வராமல் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். குலுக்கல் முடிவைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, கலக்குகிற வேலையைத் தற்காலிகமாக ஓர் உதவியாளரிடம் விட்டுவிட்டார். அப்படியே பல நாட்கள். நான் ஆறு பைகளைக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஏதோ குறித்தார். ஆறாவது பைக்குப் பிறகு என்னைத் தம் மேசைக்குக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம்."

சீட்டை நீட்டினார். செல், தண்ணீர், தண்ணீர், செல், தண்ணீர், செல். ஆறுக்கு ஆறு சரி.

"நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீகளே மேடம்!" என்று பாராட்டினேன்.

பென்சில் மேசைக்குப் போனது.

"நான் கண்டுபிடிக்கலை. உங்க கை சொல்லிருச்சு. செல் இருந்தா ரெண்டு கையால நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, காலைத் தேய்ச்சுக்கிட்டு வர்றீங்க. தண்ணின்னா ஒரு கையில புடிச்சு ஆட்டிக்கிட்டு வர்றீங்க. வார்டு சிஸ்டர் தூரத்துலயே பாத்து, 'இன்னிக்குத் தண்ணி'ன்னு சொல்லுறாங்க. அது எங்காதுக்கு வந்துதான் பெஞ்சுல உக்காந்தேன்."

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கன்னத்தில் விழுந்த அறை அப்போதுதான் வலித்தது.

நல்லவேளை, இருதயத்தின் ஸ்கேனைப் பார்த்து முன்னேற்றம் சொல்லும் டாக்டர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்; என் நடை அவர்கள் கண்ணில் பட்டதில்லை. மேடம் நடந்ததை மறைக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதினார். "கொண்டு செல்லும் முறையை நான் கவனிக்கத் தவறினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் அதில் இல்லை. நான் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இல்லவே இல்லை.

மறுநாளிலிருந்து எனக்குப் பயிற்சி. உறை போட்ட தண்ணீர்ப் பைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும், மேடம் பெஞ்சில். முதல் நாளே தோற்றேன்.

"இப்போ தண்ணிப் பையைக் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி தூக்கிட்டு வர்றீங்க. செல் பையைக்கூட இம்புட்டு மரியாதையா நீங்க தூக்கினதில்லை."

"உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரியுது மேடம். கை கேக்க மாட்டேங்குது."

"யார் சொன்னா ஒண்ணுமில்லைன்னு? செல் வேலை செஞ்சுதா இல்லையான்னு இந்தப் பையை வச்சுத்தான் தெரியணும். பாதிப் பதில் இதுக்குள்ள இருக்கு."

எனக்கு அந்த விரல் நுனி ஞாபகம் வந்தது. வெறும் தட்டின் விளிம்பில் மினுங்கிய பொடி. அதற்குப் பிறகு என் கை கேட்டது. பிறகு செல்லும் தண்ணீருமாகப் போன பதினான்கு பைகளை மேடம் பெஞ்சிலிருந்து பார்த்து, ஏழு பையைத் தப்பாகச் சொன்னார். பூவா தலையா போட்டுப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும் என்று சிரித்தார். அன்றே அந்தப் பதினோராவது வரியை அச்சடித்து ஒட்டினார்கள்.

இத்தனையும் முன்கதை. இனிமேல்தான் விஷயம்.

ஒருநாள் வார்டில் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு குரல்.

"ஏலே, நீ தட்டை ஆட்டுன பயதானே?"

குருசாமி போர்மேன். ஆள் பாதியாகியிருந்தார், குரல் மட்டும் முழுசாக இருந்தது. காய்ச்சல் வந்து போய், இருதயத் தசையில் வீக்கம் தங்கிவிட்டது. கழுத்து வழியாகக் குழாய் விட்டு, இருதயத்திலிருந்து கடுகளவு தசை கிள்ளிப் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. காலில் நீர்.

"ஆமாண்ணே. இப்பல்லாம் ஆட்டுறதில்லை."

"அதை நீ சொல்லக் கூடாது. நான் பாத்துச் சொல்லணும்."

வார்டு டாக்டர் அவருக்குச் சோதனையை விளக்கியபோது நானும் அங்கே இருந்தேன். பாதிப் பேருக்கு வெறும் திரவம் என்றதும் போர்மேன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன டாக்டர் சொல்லுறீக? நமுத்த வெடின்னு தெரிஞ்சே பெட்டியில வைப்பீகளா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன்.

"ஏண்ணே, நீங்க புதுக் கலவை போட்டா என்ன செய்வீக? பழைய கலவையிலயும் ஒண்ணு எடுத்து, ரெண்டுக்கும் ஒரே தாளைச் சுத்தி, எது எதுன்னு சொல்லாம மொதலாளி முன்னால கொளுத்துவீகள்ல?"

தன் வழக்கத்தில் தானே மாட்டிக்கொண்டார்.

"வெடிக்குப் பொண்டாட்டி புள்ளை கெடையாதுலே" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார். எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் மூன்று தடவை கேட்டுக்கொண்டார்.

ஏன் என்பது சாயங்காலம் தெரிந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி கேண்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, சாப்பிட்டீகளா? உக்காருங்க. ஒங்க அண்ணன் ஒரு கணக்கோட இருக்காக. வெளியூர் ஆஸ்பத்திரிக்காரன் ஒருத்தன் வீட்டுக்கே வந்துட்டான். அவன்கிட்ட எல்லாருக்கும் செல்லுதானாம், சோதனையெல்லாம் கெடையாதாம். அங்க போனா மாத்திரை ஒண்ணும் திங்க வேண்டாமாம். வீட்டடி நெலத்தை வித்தாப் போதும்னான்."

"அப்ப ஏன் இங்க கையெழுத்துப் போட்டாக?"

"நீங்க இருக்கீகள்ல! 'சங்கரபாண்டி வெறும் பையின்னா ஆட்டிக்கிட்டுத்தான் வருவான், அவன் நடையைப் பாத்தாலே தெரிஞ்சுபோகும்'னாக. தண்ணின்னு தெரிஞ்சா அன்னிக்கே மாத்திரையைத் தூர எறிஞ்சுட்டு அவன்கிட்டப் போயிருவாக. மாத்திரையை விட்டா இருதயம் தாங்காதுன்னு டாக்டர் என்கிட்டச் சொல்லியிருக்காரு. யாரு சொல்லியும் கேக்க மாட்டாக தம்பி."

எனக்கு வாயில் வைத்த வடை அப்படியே நின்றது. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ வேலை பார்க்கிறார்கள். என் நடையை வைத்து ஒரு மனிதன் தன் உயிரைப் பந்தயம் கட்டியிருக்கிறார்.

ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். "எனக்குப் பதிலா வேற ஆளைப் போடுங்க மேடம்."

பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. "வேற ஆள் போனா, சங்கரபாண்டி ஏன் வரலைன்னு கேப்பாரு. தண்ணியாத்தான் இருக்கும், அதான் ஒளிஞ்சுக்கிட்டான்னு முடிவு கட்டுவாரு. டாக்டர் மறுபடியும் அவர்கிட்ட எல்லாம் எடுத்துச் சொல்லுவாரு. எடுத்துட்டுப் போகவேண்டியது நீங்கதான்."

அவருக்கு நாள் குறித்தார்கள். வாசலைப் பார்த்த கட்டில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். காலையிலேயே தலையணை இரண்டு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார் என்று சிஸ்டர் சொன்னார்.

பாத்திரத்தைத் திறந்தேன். புகை வழிந்தது. பையைத் தொட்டியில் பிடித்து அலசினேன். பனி விலக விலக உள்ளே பார்த்தேன். கலங்கிவிடு, கலங்கிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. மழை நின்று பத்து நாளான ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. என் விரல் அந்தப் பக்கம் தெரிந்தது.

மேடம் எப்போதும் போல் கலந்தார், எப்போதும் போல் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தார், எப்போதும் போல் உறை போட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

செல் அறையிலிருந்து அந்தக் கட்டிலுக்கு அறுபத்திரண்டு எட்டு நடை. முதல் நாற்பது வராந்தா. திரும்பினால் இருபத்திரண்டு, நேராக அவர் கண்ணுக்கு முன்னால். இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு சேர்த்தேன். இதில் பாதிப் பதில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் அதுவும் மறந்துபோனது. இதில் குருசாமி அண்ணன் இருக்கிறார் என்று மட்டும்தான் தோன்றியது.

திருப்பத்தைத் தாண்டியதும் ஒரு சோதனை. யாரையோ பார்க்க வந்த குடும்பம் ஒன்று தூக்குச்சட்டியும் பாயுமாக வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஓரமாக ஒருக்களித்து நுழைந்து போக இடம் இருந்தது. வெறும் பை கொண்டுவந்த எத்தனையோ நாள் அப்படி நுழைந்து போயிருக்கிறேன். மருந்துத் தட்டோடு வருகிறவன் நுழைய மாட்டான். நிற்பான். நான் நின்றேன். பேசவும் இல்லை.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பத்தடி நடக்க மூச்சில்லாத மனிதர் எங்கிருந்து எடுத்தாரோ தெரியவில்லை. பழைய ஆலைக் குரல்.

"தட்டு வருது! ஒதுங்கு!"

குடும்பம் அரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. மிச்ச தூரத்தைக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கடந்து சிஸ்டரிடம் பையைக் கொடுத்தேன். போர்மேன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"லோடுதான்."

சொட்டுச் சொட்டாக இறங்கியது. கால்மணி நேரத்தில் ஆரம்பித்துவிட்டார். "ஏலே, நெஞ்சுல வெதுவெதுன்னு பரவுதுலே. செல்லு வேலையைக் காட்டுது." பக்கத்துக் கட்டில்காரரிடம், "ஒங்களுக்கு எப்பிடி? வெதுவெதுங்குதா? இல்லையா? பாவம்" என்றார். சிஸ்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போனார்.

நான் வெளியே வந்து சட்டையைப் பிழிந்தேன். மதினி பின்னாலேயே வந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அவுக ஒங்க காலை மட்டும்தான் பாத்தாக தம்பி. மூஞ்சியைப் பாக்கலை. அந்த மட்டுக்கும் நல்லதாப் போச்சு."

நான் தண்ணீர் குடித்தேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போர்மேன் மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. "செல்லு வேலை செய்யறப்ப கூடமாட ஒத்தாசைக்கு மாத்திரை வேணும்லே" என்று எனக்கே விளக்கம் சொல்வார். உப்பைக் குறைத்தார். ஓய்வெடுக்கச் சொன்னபோது ஓய்வெடுத்தார். நடக்கச் சொன்னபோது நடந்தார். வெளியூர்க்காரன் மறுபடி வந்தபோது, "எனக்கு உள்ள ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கு" என்று அனுப்பிவிட்டாராம். மூன்றாம் மாதம் கால் வீக்கம் வற்றியது. ஆறாம் மாதம் மாடிப்படி ஏறினார். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் எனக்கு எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தந்து, தான் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். ஒவ்வொரு பரோட்டாவையும் திருடித் தின்கிறவன் மாதிரி தின்றேன். இருந்தாலும் ஒன்றையும் மிச்சம் வைத்ததில்லை.

கடைசி நோயாளிக்கும் வருடம் முடிந்ததும் யார் யாருக்கு எது என்று பிரித்தார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு டாக்டரே சொன்னார். செல் ஏறியவர்களில் சிலர் நன்றாகத் தேறியிருந்தார்கள், சிலர் தேறவில்லை. தண்ணீர் ஏறியவர்களிலும் அப்படியே. மொத்தத்தில் எந்தப் பக்கம் கனம் என்பதைப் படித்தவர்கள் கணக்குப் போட்டு எழுதுவார்கள். அதை நான் சொல்லக் கூடாது. கடையில் விற்கிற மாதிரி இந்தச் செல்லை இப்போதே விற்கிறவன் எவனாவது வந்தால் மட்டும் என்னிடம் அனுப்பிவையுங்கள். பேசிக்கொள்கிறேன்.

முத்துலட்சுமிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வண்டி வரட்டும் தாயி. வண்டியையும் ஒரு மனுஷன்தானே தள்ளப்போகிறான்? தண்ணீர் என்று தெரிந்தால் ஒற்றைக் கையால் தள்ளுவான். வரியை எடுக்காதீர்கள். "பைகளையும்" என்பதோடு "வண்டியையும்" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்மேனை அழைத்த அன்று நானும் உள்ளே போனேன். டாக்டர் சொன்னார்: "உங்களுக்கு ஏறினது வெறும் திரவம்தாங்க. மாத்திரையிலயும் ஓய்வுலயுமே நல்லாத் தேறிட்டீங்க."

போர்மேன் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை காலைப் பார்க்கவில்லை.

"ஊர் பூராச் சொல்லிட்டேனேலே, செல்லு ஓடுதுன்னு."

"சொல்லிட்டீகண்ணே."

"ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுல ஒவ்வொருத்தன்கிட்டயும் சொன்னேன்."

"எனக்கும் தகவல் வந்துச்சுண்ணே."

"வெதுவெதுன்னு இருந்துச்சேலே!"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். போர்மேன் எழுந்தார். "வெளிய வா" என்றார். கன்னத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

சிஸ்டரிடம் ஒரு தட்டு கேட்டு வாங்கினார். வார்டில் இருந்த முகப்பவுடர் டப்பாவை அதில் கொட்டிப் பரப்பினார். ஆள்காட்டி விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்தார். என் கையில் கொடுத்தார்.

"நட."

அறுபத்திரண்டு எட்டு போய், அறுபத்திரண்டு எட்டு திரும்பி வந்தேன். வராந்தாவில் இருந்தவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள். மேடம் செல் அறை வாசலில் பென்சிலோடு நின்றார். தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்க்காமல் பார்த்தார் போர்மேன். கோடு போட்டபடி இருந்தது.

"ம்" என்றார்.

தட்டைத் திருப்பிக் கொடுத்தார். நாலடி போனவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"நாளையிலருந்து வேலைக்கு வாலே."